பெயரன் சுமக்கும் பெயர்

மகனுக்குப் பிறந்தவனையும் மகளுக்குப் பிறந்தவனையும் தமிழில் பேரன் என்கிறோம். பெயரன் என்ற சொல்லே நாவில் தேய்ந்து பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். உறவைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே பெயர் சூட்டும் வழக்கமும் இப்படிப் பதிந்து கிடக்கிறது.

தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடுவது தமிழகத்தில் பல சமூகங்களில் எழுதாச் சட்டமாக இருந்தது. செட்டிநாட்டுக் குடும்பங்களின் வம்சாவளியைப் பார்த்தால் இரண்டு மூன்று பெயர்களே தலைமுறை விட்டுத் தலைமுறை மாறி மாறி வருவதைக் காணலாம். இவ்வழக்கத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. மாமனாரின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லுதல் அந்நாளில் மரியாதை அன்று. பெற்ற பிள்ளையையே பெயர் சொல்லி அழைக்க முடியாத தாய்மார்கள் ‘ராசா’ என்றும் ‘துரை’ என்றும் ‘தம்பி’ என்றும் அழைத்தார்கள். அழைத்த பெயரே நிலைத்து, பள்ளிப் பதிவேட்டிலும் ஏறியது உண்டு. இன்று அறுபது எழுபது வயதைக் கடந்த ராசாக்களிலும் துரைகளிலும் சிலருக்கு, எவரும் அழைக்காத பாட்டனின் பெயர் ஒன்று தனியே இருக்கும்.

பாட்டனின் பெயர் பெயரன் வழியாக எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு ஒரு குடும்பத்தைச் சொல்லலாம். விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த சந்திரசேகரய்யரின் பெயர், அவருடைய மூத்த மகன் சுப்பிரமணியத்துக்கு 1910-இல் லாகூரில் பிறந்த முதல் ஆண்மகவுக்கு இடப்பட்டது. அப்பிள்ளையே 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1999 ஜூலையில் அமெரிக்க விண்வெளி நிறுவனம் விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ் கதிர் ஆய்வகத்துக்கு, அவரை நினைவுகூர்ந்து, ‘சந்திரா’ என்று பெயர் வைத்தார்கள். பிறையைத் தலையில் சூடியவன் என்பது சந்திரசேகரன் என்பதன் பொருள். பாட்டனுக்கு அவருடைய பெற்றோர் பக்தியுடன் சூட்டிய அந்தப் பெயரின் பாதி, இன்றும் பூமியைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது.

இக்காலப் பெற்றோர் பாட்டன் பெயரோடு நிறைவடைவதில்லை. புதிய பெயர் வேண்டும். சிறிய பெயராக இருக்க வேண்டும். நட்சத்திரத்துக்குரிய எழுத்தில் தொடங்க வேண்டும். நல்ல பொருளும் இருக்க வேண்டும். முதல் மூன்றும் ஒருவாறு நிறைவேறிவிடுகின்றன. நான்காவதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

பட்டியல் சொல்லும் பொருள்

நாடெங்கும் இப்போது பெரிதும் விரும்பப்படும் பெயர்களுள் ஒன்று ஆரவ். பெயர்ப் பட்டியல்கள் அதற்கு ‘அமைதியானவன்’ என்று பொருள் தருகின்றன. வடமொழி அகராதியைத் திறந்தால் ‘ஆரவ’ என்பதற்கு ஒலி, கூச்சல், இரைச்சல் என்ற பொருள்களே காணப்படுகின்றன. ‘ரவ’ என்றாலே ஓசைதான். நள்ளிரவில் வீறிட்டழும் மகவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும் தந்தைக்கு அகராதியே மெய் என்று தோன்றக்கூடும்.

ராகுல் என்ற பெயரின் கதை இன்னும் ஆழமானது. துன்பங்களை வெல்பவன், திறமைசாலி என்றெல்லாம் பட்டியல்கள் கூறும். கௌதம புத்தரின் ஒரே மகனின் பெயர் அது. மகன் பிறந்தான் என்ற செய்தி வந்தபோது, துறவுக்கு மனம் துணிந்திருந்த சித்தார்த்தர் அப்பிறப்பைத் தம்மைப் பிணிக்க வந்த தளை என்று கருதியதாகவும், அதனாலேயே இப்பெயர் அமைந்ததாகவும் பௌத்த மரபு சொல்கிறது. கிரகணத்துக்குக் காரணமான ராகுவோடு அதனைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் வெற்றி, திறமை என்ற பொருள்களுக்கு இடமில்லை. இதைக் கேட்டுப் பெயரை மாற்ற வேண்டியதில்லை. பிள்ளையைவிட வலிய தளை வேறு எது என்று எந்தத் தந்தையைக் கேட்டாலும் தெரியும்.

பட்டியல் மெய் சொல்லும் இடங்களும் உண்டு. விஹான் என்றால் விடியல் என்கிறார்கள். போஜ்புரியிலும் வங்காளியிலும் ‘பிஹான்’ என்றால் இன்றைக்கும் காலைப்பொழுதுதான். சிவான்ஷ் என்பதில் சிவனும் அம்சமும் வெளிப்படையாகத் தெரிகின்றன. கபீர் அரபுச் சொல். பெரியவன் என்று பொருள். ஆனால் ஓசை இனிமைக்காக அண்மையில் கட்டப்பட்டு, பிறகு பொருள் ஒட்டப்பட்ட பெயர்களும் பட்டியல்களில் நிறைய இருக்கின்றன. ‘தனித்துவமானவன்’, ‘ஒளியின் கதிர்’ என்ற விளக்கங்களைக் கண்டால் சற்று நிதானிப்பது நல்லது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் அகராதியும், 1899-இல் வெளிவந்த மோனியர் வில்லியம்ஸின் வடமொழி அகராதியும் இன்று கைப்பேசியிலேயே கட்டணமின்றிப் பார்க்கக் கிடைக்கின்றன. ஐந்து நிமிட வேலை.

நட்சத்திர எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். அசுவினிக்குச் சு, சே, சோ, ல என்பதுபோல் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதங்களுக்கு நான்கு எழுத்துகள் உண்டு. திருவாதிரையின் மூன்றாம் பாதத்துக்கு உரியது ‘ங’. அவ்வெழுத்தில் தொடங்கும் பெயரைத் தமிழிலும் வடமொழியிலும் தேடுவது வீண். வியட்நாமில் பிறந்திருந்தால் தாராளமாகக் கிடைத்திருக்கும். சோதிடர்களும் வேறோர் எழுத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பழைய கிருஹ்ய சூத்திரங்கள் இவ்வெழுத்துகளைவிட அசைகளின் எண்ணிக்கையையே பெரிதாகக் கருதின. ஆண்மகவின் பெயர் இரண்டு அல்லது நான்கு அசைகளைக் கொண்டதாகவும், அதிர்ந்தொலிக்கும் மெய்யில் தொடங்குவதாகவும் இருக்க வேண்டும் என்பது அவற்றின் விதி. தனித்தமிழ்ச் சொற்கள் அதிர்ந்தொலிக்கும் வல்லெழுத்தில் தொடங்குவதே இல்லை. ஆகவே அவ்விதி தமிழ்ப் பெயர்களை எண்ணி வகுக்கப்பட்டதன்று என்பது வெளிப்படை.

ஒரே மரத்தில் இரண்டு பெயர்

அகராதிப் பொருளோடு நின்றுவிடாமல் பெயர் வந்த வழியையும் பார்த்தால் எதிர்பாராத உறவுகள் தெரியவரும். கிருஷ்ண என்றால் கருமை. அச்சொல் பிராகிருதத்தில் கண்ஹ என்று திரிந்தது. அங்கிருந்து வடக்கே கானா, கன்னையா என்றும், தெற்கே கண்ணன் என்றும் ஆயிற்று. கண்ணழகன் என்பதால் கண்ணன் என்று நாம் சொல்லிக்கொள்வது பிற்கால அன்பின் கற்பனை, குறையொன்றும் இல்லை. கண்ணனின் தோழன் அர்ஜுனன். அர்ஜுன என்றால் வெண்மை. கருப்பும் வெள்ளையும் ஒரே தேரில் ஏறிக் குருக்ஷேத்திரத்துக்குப் போயிருக்கின்றன.

அர்ஜுன என்பது ஒரு மரத்தின் பெயருமாகும். வெளிறிய பட்டையுடன் ஆற்றங்கரைகளில் ஓங்கி வளரும் அந்த மரத்தைத் தமிழில் மருது என்கிறோம். திருவிடைமருதூரின் வடமொழிப் பெயர் மத்தியார்ஜுனம். ஸ்ரீசைலத்தில் இறைவன் மல்லிகார்ஜுனர். இன்று மகனுக்கு அர்ஜுன் என்று பெயரிடும் குடும்பத்தில், முந்தைய தலைமுறையில் ஒரு மருதமுத்துவோ மருதாசலமோ இருந்திருப்பின், பாட்டன் பெயரைக் கைவிட்டோமே என்று வருந்த வேண்டியதில்லை. மரம் மாறவில்லை.

வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கும் ஓசைக்கும் இணங்க எடுத்தாள வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. அவ்வழியில் லக்ஷ்மணன் கம்பனிடத்தில் இலக்குவன் ஆனான். அதே பெயர் வடக்கே லகன் ஆனது. கன்னடத்தில் விருஷபம், அதாவது காளை, பசவ என்று உருமாறிப் பசவண்ணரின் பெயராயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். ஓசையை மாற்றாமல் பொருளையே மொழிபெயர்த்தார்கள். சூரியநாராயண சாஸ்திரியார் பரிதியும் மாலும் கலைஞரும் சேர்ந்த பரிதிமாற் கலைஞர் ஆனார். வேதாசலம், வேதத்துக்கு மறையும் அசலத்துக்கு மலையுமாக மறைமலையடிகள் ஆனார். இளங்கோ, செழியன், அறிவழகன், கதிரவன் போன்ற பெயர்கள் வீடுகள்தோறும் பெருகியதற்கு அவர்கள் காட்டிய வழியும் ஒரு காரணம். சங்க காலத்துப் பாரி, கபிலன், அதியமான் மீண்டும் தொட்டிலுக்கு வந்தனர். முருகன் மட்டும் எங்கும் போகவில்லை. இளமை, அழகு, மணம், தேன் என்று முருகு என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள்களைப் படித்தால், பட்டியல் விற்பவர்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்றே கேட்கத் தோன்றுகிறது.

ஊரைச் சொல்லும் பெயர்

நம் பாட்டன்மார் பெயர்களை ஒரு தாளில் எழுதினால் அது பாதி நிலப்படமாக இருக்கும். செந்தில் என்பது திருச்செந்தூர். பழனியும் சிதம்பரமும் காசியும் விளக்கம் வேண்டாதவை. அருணாசலம் என்றால் சிவந்த மலை, திருவண்ணாமலை. வேங்கடாசலம் திருப்பதி மலை. நெல்லையப்பன் திருநெல்வேலி, சுவாமிநாதன் சுவாமிமலை, தியாகராஜன் திருவாரூர், இராமநாதன் இராமேசுவரம், கபாலி மயிலாப்பூர். அரங்கன் திருவரங்கத்துக்குரியவன், அரங்கம் என்றால் ஆற்றின் நடுவே அமைந்த திட்டு. விசாகப்பட்டினத்துப் பக்கம் சிம்மாசலம், அப்பலராஜு, அப்பலசாமி என்ற பெயர்கள் மிகுதி. எல்லாம் சிம்மாசலம் குன்றில் உறையும் அப்பன்னாவுக்கு உரியவை. வடக்கே துவாரகா பிரசாத், அயோத்தியா பிரசாத், கேதார்நாத், பத்ரிநாத் என்று வரும். வேண்டிக்கொண்டு போன யாத்திரையின் பயன் பெயரிலேயே பதிவாகிவிடும்.

இவ்வகைப் பெயர்களை அகராதி கொண்டு பிரித்தால் வழி தவறும். ஏகாம்பரம் என்பதைப் பிரித்து ‘ஒற்றை ஆடை உடுத்தவன்’ என்று பொருள் சொல்லிவிடலாம். இலக்கணம் இடந்தரும். ஆனால் அப்பெயர் காஞ்சிபுரத்துக் கோயிலில் நிற்கும் ஒற்றை மாமரத்திலிருந்து வந்தது: ஏகம், ஆம்ரம். ஆம்ரம் என்றால் மா. தேவாரத்தில் கச்சி ஏகம்பம் என்று வருவதும் அதுவே. பெயரின் பொருளைக் கேட்பதற்குமுன் அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டுவிடுவது நல்லது.

நாகூர் மீரான், சாகுல் ஹமீது என்ற பெயர்கள் நாகூர்த் தர்காவை நோக்கிக் கைகாட்டுகின்றன. ஆரோக்கியசாமியும் ஆரோக்கியராஜும் வேளாங்கண்ணியின் ஆரோக்கிய மாதாவை நினைத்து இடப்பட்டவை. சவரிமுத்து என்ற பெயரில்தான் எத்தனை கடல்! 1542-இல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த புனித சவேரியாரின் பெயர், ஸ்பெயினின் வடக்கே பேசப்படும் பாஸ்க் மொழியில் ‘புது வீடு’ என்று பொருள்படும் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. அதனோடு நம் கடற்கரையின் முத்து சேர்ந்திருக்கிறது. பழைய தமிழ்க் கிறித்தவர்கள் வேறு மொழிப் பெயர்களைப் பொருள் உணர்ந்து தமிழாக்கியதில் வல்லவர்கள். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் கடவுளின் அருள், ஆகவே அருளப்பர். லாசர் என்றால் கடவுள் துணைநின்றார். 2022 மே மாதத்தில் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்குத் திருமுழுக்கின்போது இடப்பட்ட பெயர் அதன் தமிழாக்கமே.

ஒரே தெருவில் யூசுப், சூசை இருவரும் இருப்பார்கள். இருவரும் பெயரளவில் ஒருவரே என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கேரளத்தில் அதே பெயர் ஔசேப்பு. இப்ராகிமும் ஆபிரகாமும், சுலைமானும் சாலமோனும், தாவூதும் தாவீதும் அப்படியே.

விடுதலைப் போராட்டக் காலத்தில் வேறொரு விந்தை நடந்தது. பிற மாநிலத்துக் குடும்பப் பெயர்கள் நம் ஊரில் பிள்ளைகளின் சொந்தப் பெயர்களாயின. தென்மாவட்டங்களில் போஸ் என்பது சூட்டிய பெயர். வங்காளத்தில் அது குடும்பப் பெயர். காந்தி என்பது குஜராத்தியில் மளிகைப் பண்டம் விற்பவரைக் குறிக்கும். நேரு, கால்வாயைக் குறிக்கும் ‘நஹர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அக்குடும்பம் தில்லியில் கால்வாய்க் கரையில் குடியிருந்ததால் அப்பெயர் அமைந்தது. ஆனால் தன் மகனுக்கு நேரு என்று பெயரிட்ட தமிழர் கால்வாயை எண்ணவில்லை.

குப்பையிலிட்ட மாணிக்கம்

பொருள் நன்றாயிருக்க வேண்டும் என்று நாம் இவ்வளவு பாடுபடுகிறோம். பொருள் நன்றாயிருக்கவே கூடாது என்று பாடுபட்ட பெற்றோரும் இருந்தார்கள்.

குப்புசாமி, குப்பன், பிச்சை, பிச்சைமுத்து என்ற பெயர்கள் இன்றைய இளைஞர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பை மேட்டில் ஒரு கணம் கிடத்திப் பிறகு எடுத்துக்கொள்வார்கள். குப்பையில் கண்டெடுத்தது, எங்களுடையதன்று. எமனே, இதை நாடாதே என்பது அதன் உட்பொருள். வேறொருவர் கையில் கொடுத்துப் பிச்சையாகத் திரும்ப வாங்கிய பிள்ளை பிச்சை ஆனான். வங்காளத்தில் குழந்தையை மருத்துவச்சிக்கு மூன்று சோழிக்கு விற்றதாகப் பாவனை செய்து ‘தீன்கொடி’ என்றார்கள். மூன்று சோழி என்பது அதன் பொருள். மராட்டியத்தில் தோண்டு, தகடு என்றார்கள். இரண்டும் கல்லைக் குறிப்பவை. இந்தி பேசும் பகுதிகளில் தரையில் இழுக்கப்பட்டவன் என்று பொருள்படும் கசீட்டா என்ற பெயர் உண்டு.

தடுப்பூசியும் மருத்துவமனைப் பேறும் வந்தபின் இப்பெயர்கள் தாமாகவே மறைந்தன. இன்று எவரும் மகனுக்குக் குப்புசாமி என்று பெயரிடுவதில்லை. இட வேண்டிய தேவை இல்லை என்பதே மகிழ்ச்சி. ஆனால் வீட்டில் ஒரு குப்புசாமித் தாத்தா இருந்திருந்தால், அவருக்குமுன் பிறந்து பெயர் பெறாமலே போனவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துப் பார்க்கலாம். அழகான பொருளுடைய எந்தப் பெயரிலும் இவ்வளவு அன்பும் அச்சமும் இல்லை என்பது என் எண்ணம்.

பிற மாநிலங்களில்

வங்காளத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்: வீட்டாருக்கான அழைப்புப் பெயர் ‘டாக் நாம்’, ஊருக்கான நல்ல பெயர் ‘பாலோ நாம்’. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னுக்கு அந்த நல்ல பெயரைச் சூட்டியவர் இரவீந்திரநாத் தாகூர். இறப்பில்லாதவன் என்று பொருள். மராட்டியத்தில் சொந்தப் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசை மாறாது. சோலாப்பூர்கர் என்பதுபோல் ‘கர்’ என்று முடியும் குடும்பப் பெயர் பெரும்பாலும் ஊரைக் குறிக்கும். சச்சின் ரமேஷ் டெண்டுல்கர் என்பதில் ரமேஷ் தந்தை. சச்சின் என்பதோ, தந்தை விரும்பிய இசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மனை நினைந்து இட்ட பெயர். சீக்கியர்கள் குரு கிரந்த சாகிப்பை விரித்து, அப்பக்கத்தில் முதலில் வரும் எழுத்தில் பெயர் தேர்வார்கள். குர்பிரீத், ஹர்ஜீத் என்ற பெயர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. பின்னால் வரும் சிங்கும் கௌருமே வேறுபாட்டைக் காட்டும். மிசோரத்தில் ஆண் பெயர் ‘ஆ’ ஓசையிலும் பெண் பெயர் ‘இ’ ஓசையிலும் முடியும். முதலமைச்சர்களாக இருந்த லால் தன்ஹாவ்லா, சோரம்தங்கா ஆகியோரின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தால் விளங்கும்.

இத்தனை முறைகளையும் வைத்துக்கொண்டு ஒரே வகையான படிவத்தை நாடு முழுவதும் நிரப்புகிறோம். முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்ற மூன்று கட்டங்கள் தமிழருக்குப் பொருந்துவதே இல்லை.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

வேங்கடராமன் ஒரே சொல். தந்தை சந்திரசேகரய்யர் பெயருடன் சேர்த்து ஆங்கிலத்தில் எழுதும்போது அது வேங்கட, ராமன் என்று இரண்டாகப் பிரிந்தது. சி. வி. ராமன் என்ற பெயர் அப்படி உருவாயிற்று. 1930-இல் நோபல் பரிசும் ராமன் விளைவும் அந்தப் பாதிப் பெயருக்கே சென்றன. முன்னே சொன்ன சந்திரசேகரின் சிற்றப்பா இவர். அவருக்குப் பெயர் பிரிந்ததால் நட்டமில்லை. நமக்கு நேர்ந்தால் வங்கியில் ஒரு கேள்வியும், கடவுச்சீட்டு அலுவலகத்தில் ஒரு கேள்வியும் எழும்.

அப்துல் என்பது இவ்வகையில் அடிக்கடி துன்புறும் பெயர். ‘அப்த்’ என்றால் அடியவர்; அப்துல் ரகுமான் என்றால் அருளாளனின் அடியவர். அப்துல் என்று மட்டும் எழுதினால் ‘இன்னாரின் அடியவர்’ என்பதில் இன்னார் விடுபட்டுப்போகிறார். முதற்பெயர்க் கட்டத்தில் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் இதைவிடப் பெரிய தொல்லை. தமிழில் கார்த்திக் என்று ஒரே வகையாக எழுதும் பெயரை ஆங்கிலத்தில் டி மட்டும் இட்டும், டி-எச் இட்டும், கடைசியில் சி-கே இட்டும், நடுவே ஏ எழுத்தை இரட்டித்தும் எழுதுகிறார்கள். வடமாநிலத்தவர் ‘த’ ஓசைக்கு டி மட்டும் இடுவார்கள். நாம் டி-எச் இடுவோம். எண்கணிதம் பார்ப்பவர்கள் மேலும் ஓரிரு எழுத்துகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். சேர்ப்பதில் தவறில்லை; ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒன்றும், பள்ளியில் ஒன்றும், ஆதாரில் ஒன்றுமாக இருந்தால், பின்னாளில் தந்தையின் வைப்புத்தொகையை வாரிசாகக் கோரும் நாளில் ‘மூவரும் ஒருவரே’ என்று உறுதிமொழி ஆவணம் எழுதிக்கொண்டு நிற்க நேரிடும். துயர வீட்டிலிருந்து வந்த ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது வங்கி ஊழியருக்கும் உவப்பானதன்று.

சட்டம் தரும் அவகாசம் தாராளமானது. பிறப்பை 21 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும்; பெயர் முடிவாகவில்லையென்றால் பெயரின்றியே பதியலாம். பதிவு செய்த 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை சேர்க்க முடியும். எனினும் அவ்வளவு காலம் விட்டுவைக்கக் கூடாது. பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசுப் பணி ஆகிய அனைத்துக்கும் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் சான்று பிறப்புச் சான்றிதழே. அதில் எப்படி எழுதப்படுகிறதோ அதுவே பிற ஆவணங்களுக்கு மூலமாகும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த இயலும்.

தலைப்பெழுத்தை மறக்க வேண்டாம். நமக்குத் தந்தையின் பெயர் ஓர் எழுத்தாக முன்னே நிற்பது போதும். வருமான வரித்துறையின் நிரந்தரக் கணக்கு எண்ணுக்கான விண்ணப்பம் தலைப்பெழுத்தை ஏற்பதில்லை, விரித்தெழுதக் கேட்கும். ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்த தமிழர் பலர் கலங்கினார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும்போதே தந்தை பெயர் எவ்விடத்தில், எந்த எழுத்துக்கூட்டலில் வரும் என்பதைத் தாயும் தந்தையும் அமர்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. பெயரைத் தேட மூன்று மாதம் செலவிட்டவர்களுக்கு இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

அந்தப் பெயரில் பிள்ளைக்குச் சேமிப்புக் கணக்கைக் காப்பாளர் வழியாக எந்த வயதிலும் தொடங்கலாம். 10 வயது நிரம்பியபின், வங்கி வகுத்துள்ள வரம்புகளுக்கு உட்பட்டு, அவனே கணக்கை இயக்கவும் இடமுண்டு. அன்று கிளைக்கு வந்து மாதிரிக் கையெழுத்து இடுவான். அதை எந்த மொழியில் இடுவது என்பது அவன் விருப்பம், தமிழிலும் இடலாம்.